ஒரே ஒரு லிட்டர்

ஒரு கிலோமீட்டருக்கு ஒன்பது ரூபாய் பதினெட்டு காசு என்று விடை வந்ததும், வசந்தகுமார் முதலில் கால்குலேட்டரைத்தான் சந்தேகப்பட்டான். அடுத்து பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டான். பிறகு தன் கையெழுத்தை. மூன்றும் சரியாகவே இருந்தன.

யாரும் அவனைக் கணக்குப் போடச் சொல்லவில்லை. அதுதான் வேதனை. தேர்வாய் கண்டிகையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு வளையம் தலைமுடி அகலத்துக்குப் பெரிதாக இருந்தாலும் எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போடுகிற கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. டேங்க்கை விளிம்புவரை நிரப்பினான், மீட்டரைக் குறித்தான், பத்து நாள் ஓட்டினான், மறுபடி விளிம்புவரை நிரப்பி வகுத்துப் பார்த்தான். பதினோரு வயசுக் கார். அதன் பெட்ரோல் முள் இரண்டு வருஷமாக அடிமட்டத்திலேயே படுத்துக் கிடந்தது. நோட்டுப் புத்தகத்தைத் தவிர உண்மை சொல்ல அதில் வேறு ஆள் இல்லை.

லிட்டருக்குப் பதினொன்று.

நோட்டை மூடி வைத்திருந்தாலாவது பிழைத்திருக்கலாம். சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

"இன்னாங்க இது, எட்டாயிரத்து ஐந்நூத்துத் தொண்ணூத்திரெண்டு?" என்று கல்பனாவின் குரல் கேட்டது.

"அது... மாசத்துக்கு."

"மாசத்துக்கு இன்னா?"

"கம்பெனிக்குப் போக வர. பெட்ரோல் மட்டும்."

"கம்பெனி பஸ்ஸு எவ்ளோ?"

வசந்தகுமார் சாம்பாரைக் கிளறினான். "ஃப்ரீ."

"நம்ம தெரு மொனையில தானே நிக்குது?"

"கொஞ்சம் தள்ளி நிக்கும்."

"எவ்ளோ தள்ளி?"

"இருபது அடி."

கல்பனா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி சோறு போட்டாள். அவள் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் அந்த வீட்டில் எப்போதும் ஜெயித்து வந்திருக்கின்றன.

வசந்தகுமாருக்கு அந்தக் காரின்மேல் இருந்தது கணக்கில் வராத ஒரு சமாச்சாரம். வீட்டில் ஐந்து பேர், ஒரு டிவி. கம்பெனியில் நானூறு பேர், எட்டு பிரஸ் மிஷின். கவரைப்பேட்டைக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் நடுவில் இருக்கிற பதினெட்டு கிலோமீட்டரில்தான் அவன் ஒருவன். கண்ணாடியை ஏற்றிவிட்டால் லாரி சத்தம் கடல் மாதிரி ஆகிவிடும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். தைல மரங்கள் பனி தேசத்துக் காடாகிவிடும், எதிரே வருகிற கண்டெய்னர் லாரி ஏதோ துறைமுகத்துக்குப் போகிற கப்பலாகிவிடும். அந்த அரை மணி நேரத்தில் அவன் மாப்பிள்ளையும் இல்லை, அப்பாவும் இல்லை, 'குவாலிட்டி வசந்த்'தும் இல்லை. இதை எப்படி நோட்டில் எழுதுவது? எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"வித்துடலாங்க" என்றாள் கல்பனா, தட்டை எடுத்துக்கொண்டே.

"யாரு வாங்குவாங்க? இந்த மைலேஜைக் கேட்டா ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அவன் நினைத்தான். கல்பனா கை துடைத்த சூட்டோடு போனை எடுத்தாள்.

"தணிகாசலம் மாமா ஒரு கார் தேடிக்கினு இருக்குறாரு. நேத்துதான் அம்மா சொல்லிச்சு."

தணிகாசலம், கல்பனாவின் அம்மா வழி மாமா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாலு கம்பெனிக்குச் சாப்பாடு போடுகிற கேன்டீன் கான்ட்ராக்டர். ஒரு மூட்டை வெங்காயத்தில் எத்தனை அழுகல் என்று மூட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்லுவார். மறுநாள் சாயங்காலமே வெள்ளைச் சட்டையும் தோள் துண்டுமாக வந்து இறங்கினார். காரை வலம் வந்தார். அதையும் வெங்காய மூட்டையைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார்.

"மாப்ள, மைலேஜ் இன்னா குடுக்குது?"

வசந்தகுமாருக்கு உள்ளுக்குள் குதூகலம். உண்மை பேசியே தப்பிக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"பதினொண்ணுதான் மாமா. பொய் சொல்லக் கூடாது பாருங்க. நோட்டே கீது."

தணிகாசலம் நோட்டைப் புரட்டினார். மூடினார்.

"முப்பது வருசத்துல, விக்கிறவன் தன் சரக்கை மட்டம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. நீ நெஜமாலுமே நல்ல மனுசன், இல்லாட்டி வண்டிய விக்க உனக்கு மனசு இல்ல."

"சேச்சே!" என்றான் வசந்தகுமார், கொஞ்சம் அதிகச் சத்தமாக.

"அப்போ ஒரு லிட்டர் டெஸ்ட் வெச்சிக்கலாம். டேங்க்கைச் சுத்தமா வடிச்சிட்டு, ஒரே ஒரு லிட்டர் ஊத்துவோம். வண்டி எங்க நிக்குதோ அதான் மைலேஜு. பன்னெண்டு கிலோமீட்டருக்குள்ள நின்னுதுன்னா வண்டி எனக்கு வாணாம், நீயும் நானும் சிரிச்சிக்கினே டீ குடிச்சிட்டுப் பூடலாம். பன்னெண்டைத் தாண்டுச்சுன்னா ஒண்ணரை லட்சம். அதுக்கு மேல ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அஞ்சாயிரம் கூட. வாக்கு வாக்குதான்."

வசந்தகுமார் மனசுக்குள் கணக்குப் போட்டான். பதினொன்று. பன்னிரண்டுக்குள்தான். பிழைத்தோம்.

"சரி மாமா" என்றான்.

"எந்த ரோட்டுல?" என்று கேட்டாள் கல்பனா.

"டெய்லி போற ரோட்டுலதான்" என்றான் அவன் அவசரமாக.

"அந்த லாரிப் பள்ளத்துல ஓட்டினா ஏரோப்ளேனுக்குக் கூட மைலேஜ் வராது. ஹைவேல ஓட்டுங்க. ஆந்திரா பக்கம் நேரா. நானும் பின்னாடி உக்காந்து மீட்டரை எழுதிக்கினு வரேன். நம்பர்தான் பேசணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

நம்பர் பேச ஆரம்பித்தது. அன்று ராத்திரி முழுக்க அவன் காதில் பேசியது. நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் இந்த வண்டி பதினைந்துகூடத் தரும். அது அவனுக்குத் தெரியும். வண்டிக்கும் தெரியும்.

*

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் காரை நேராக ஜெபாவின் ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை. ஜெபாவுக்கு நாற்பது வயசு. வாங்கின காசுக்கு வேலை செய்யாமல் விட்டதாக அவன் மேல் ஊரில் ஒரு சொல் கிடையாது. மறந்துபோய்க் காசு வாங்கிவிட்டால்கூட, ஆளைத் தேடிப் போய் ஏதாவது ஒரு நட்டையாவது முடுக்கிவிட்டு வருகிறவன்.

"ஜெபா, டேங்க்கை வடிக்கணும். வியாழக்கிழமைதான் ஃபுல் பண்ணேன்."

"மாமா போன் பண்ணிச் சொன்னாரு சார். அவ்ளோ பெட்ரோலை எதுல புடிக்கிறதுன்னுதான் பாத்துக்கினு இருக்குறேன். கேன் தேடணும்."

வசந்தகுமார் தெருவைப் பார்த்தான். யாரும் இல்லை. ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, ஆயில் பிசுக்கு இல்லாத இடமாகத் தேடி, ஜெபாவின் சட்டைப் பையில் வைத்தான்.

"நாளைக்கு ஊத்தும்போது... ஒரு லிட்டர் ஊத்தாத. அரை லிட்டர் கொறைச்சிக்கோ."

ஜெபா அவனை நிமிர்ந்து பார்த்தான். "கொறைக்கணுமா? ஊர்ல எல்லாரும் ஏத்தித்தானே ஊத்தச் சொல்லுவாங்க?"

"நீ கொறை. வண்டி ஏழு கிலோமீட்டர்ல நிக்கணும். மாமா வாணாம்னு சொல்லிட்டுப் பூடுவாரு. கார் எங்கிட்டயே இருக்கும். ஊட்டுல தெரியக் கூடாது."

"காசு வாங்கிட்டேன். உங்க அரை லிட்டர் கொறையும்" என்றான் ஜெபா, நீதிபதி தீர்ப்புச் சொல்வதுபோல.

வசந்தகுமார் வீட்டுக்கு நடந்தே போனான். போகும்போது விசில்கூட அடித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. ஜெபா மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வெள்ளைச் சட்டைக்குமேல் அழுக்குச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். கையில் ஒரு கறுப்பு கேன். ஒரு லிட்டர் என்று ஓரத்தில் பெயின்ட்டில் எழுதியிருந்தது.

"ஊத்துறேன், பாத்துக்குங்க" என்றான்.

வசந்தகுமாரால் பார்க்க முடியவில்லை. முன்சக்கரத்தின் ஆணிகளை எண்ணினான். தணிகாசலமும் என்ன காரணத்தாலோ ரயில்வே கேட் பக்கம் திரும்பிக்கொண்டு கொட்டாவி விட்டார். கல்பனா மட்டும் வண்டிக்குள் குனிந்து, மீட்டரில் இருந்த எண்ணைத் தன் மகள் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஜெபா கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுக்காக மூன்று முறை தட்டி, மூடியைத் திருகினான்.

வண்டி கிளம்பியது. தணிகாசலம் முன்னால். கல்பனா பின்னால். சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை வெயிலில் பளபளத்தது.

"ஒண்ணு" என்றாள் கல்பனா. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு."

வசந்தகுமார் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். கார் நின்றதும் சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தான்: 'நான்தான் சொன்னேனே மாமா, உங்களுக்கு இந்த வண்டி சரிப்படாது.' கும்மிடிப்பூண்டி பைபாஸ் வருவதற்குள் நின்றுவிடும். பக்கத்திலேயே டீக்கடை. திரும்பி வர ஷேர் ஆட்டோ.

"ஏழு."

வண்டி போனது.

"எட்டு. பரவாயில்லியே! மாமா, வண்டி ஜம்முனு போகுது பாருங்க."

"ஆமா கண்ணு" என்றார் தணிகாசலம். அவர் குரல் வறண்டிருந்தது. வெயில்தான் காரணமாக இருக்கும்.

சிப்காட் தாண்டி ஒன்பது ஆனது. ஜெபா கை தவறிக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டானோ? சரி, பத்தில் நிற்கும். வலது காலை லேசாக அழுத்தினான். எஞ்சின் உறுமியது. பெட்ரோல் குடிக்கட்டும்.

"மாப்ள" என்றார் தணிகாசலம். "ஏசி வேலை செய்யுதா? போடு பாக்கலாம். ஃபுல்லா வை."

வசந்தகுமாருக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. ஏசி போட்டால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் காலியாகுமே! பாவம், வெங்காயம் தெரிந்த மனுஷருக்கு வண்டி தெரியவில்லை. குமிழைக் கடைசிவரை திருகினான்.

"பத்து."

"ஏசி காத்து நேரா மூஞ்சியில அடிச்சா எனக்குச் சளி புடிச்சிக்கும்" என்றார் தணிகாசலம். "நாலு கண்ணாடியையும் எறக்கு."

"அப்போ ஏசிய நிறுத்திடட்டுமா மாமா?"

"வாணாம் வாணாம். அது பாட்டுக்கு ஓடட்டும்."

கண்ணாடிகள் இறங்கின. நெடுஞ்சாலைப் புழுதியும் லாரிப் புகையும் ஏசிக் குளிரும் ஒன்றாகச் சேர்ந்து கல்பனாவின் முடியைப் பிய்த்தன. அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தினாள்:

"பதினொண்ணு!... பன்னெண்டு! மாமா, பன்னெண்டு! ஒண்ணரை லட்சம்!"

முன் இருக்கையில் இரண்டு பேரும் நேராக ரோட்டையே பார்த்தார்கள்.

பன்னிரண்டைத் தாண்டிய அந்த வினாடியில் வசந்தகுமாருக்குக் கம்பெனி பஸ்ஸின் ஏழாவது வரிசை கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னல் திறக்காது. பக்கத்தில் பென்னி உட்காருவான். பென்னி தன் மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தேர்வாய் கண்டிகை வந்தும் நிறுத்த மாட்டான். முப்பது வருஷம் வேலை பாக்கி இருக்கிறது.

"மாப்ள, மூணாவது கியர்லயே கொஞ்ச தூரம் ஓட்டு. சத்தம் எப்படி வருதுன்னு கேக்கணும்."

"ஓட்டுறேன் மாமா" என்றான். இப்படி ஒரு மனுஷரை ஏமாற்றுகிறோமே என்று முதல் தடவையாக உறுத்தியது. ஆனால் காலை எடுக்கவில்லை.

கார் காட்டுப் பன்றி மாதிரி உறுமிக்கொண்டு போனது. பதினைந்து வந்தது. "பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டுடலாங்க" என்றாள் கல்பனா. பதினாறு வந்தது. "சொவத்துக்கும்."

எளாவூர் சோதனைச் சாவடிக்கு முன்னால் ரோட்டோரம் ஒரு பெண் கை காட்டினாள். பக்கத்தில் மூன்று மூட்டை.

"நிறுத்து நிறுத்து! நம்ம சின்னப்பொண்ணு!" என்று தணிகாசலம் துள்ளினார். அவருடைய கேன்டீனில் சமைக்கிறவள். ஆரம்பாக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"மூட்டையில இன்னாம்மா?"

"அரிசி முதலாளி. இருபத்தஞ்சு கிலோ ஒவ்வொண்ணும்."

"ஏத்து! மூணையும் ஏத்து! கல்பனா, நகந்துக்கோ கண்ணு."

எழுபத்தைந்து கிலோ அரிசி. சின்னப்பொண்ணு தனி. வசந்தகுமார் தானே இறங்கி மூட்டைகளைத் தூக்கி வைத்தான். அவன் கல்யாணத்தில்கூட இவ்வளவு உற்சாகமாக எதையும் தூக்கியதில்லை. வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்தது. இனி இரண்டு கிலோமீட்டர். அதிகம் போனால் மூன்று.

"இருபது! நாப்பதாயிரம் கூட!"

"எதுக்கும்மா நாப்பதாயிரம்?" என்று கேட்டாள் சின்னப்பொண்ணு.

கல்பனா முழுக் கதையையும் சொன்னாள். வாக்கு, ஒரு லிட்டர், கிலோமீட்டருக்கு அஞ்சாயிரம். தணிகாசலம் இரண்டு முறை இருமினார். சின்னப்பொண்ணு காதுக்குப் போன விஷயம் திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குள் சிப்காட்டின் நாலு கேன்டீனுக்கும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். இனி வாக்கு என்றால் வாக்குதான்.

"முதலாளி கொடுத்து வெச்சவரு" என்றாள் சின்னப்பொண்ணு, அழுத்தமாக. "எங்க மாமன் பைக்கே நாப்பதுதான் குடுக்குது."

ஆரம்பாக்கத்தில் அவளையும் அரிசியையும் இறக்கும்போது மீட்டர் இருபத்தைந்தைத் தொட்டிருந்தது. மாடிக்குப் படிக்கட்டு கட்டிவிடலாம் என்ற முடிவுக்கு கல்பனா வந்திருந்தாள்.

"டீ குடிக்கலாம் மாப்ள" என்றார் தணிகாசலம், வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "எஞ்சினை அணைக்காத. அணைச்சா அப்புறம் ஸ்டார்ட் ஆவுதோ இன்னாவோ. ஓடிக்கினே நிக்கட்டும்."

அதைவிட நல்ல யோசனை வசந்தகுமாருக்கே தோன்றியிருக்காது. கார் ரோட்டோரம் நின்று, ஏசியும் ஃபேனும் ஓட, இருபத்தைந்து நிமிஷம் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. கல்பனா உள்ளே உட்கார்ந்து கிலோமீட்டரை அஞ்சாயிரத்தால் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் ஒன்றுக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கடைக்குப் பின்னால் இடது பக்கம் போனார். வசந்தகுமாரும் அதே காரணத்தைச் சொல்லி வலது பக்கம் போனான்.

கருவேல மரத்தடியில் நின்று ஜெபாவைக் கூப்பிட்டான். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது போன். மறுபடி கூப்பிட்டான். வேறொரு அழைப்பில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இவனிடம் அப்படி யார் விடாமல் பேசுகிறார்கள் என்று வசந்தகுமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்தாவது முறையும் அதே பதில்.

திரும்பி வந்தபோது தணிகாசலமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. போனைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

"சிக்னலே கெடைக்கல" என்றார், யாரும் கேட்காமலே.

"ஆமா மாமா, இந்தப் பக்கம் பேஜாருதான்."

கார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. வசந்தகுமாருக்கு முதல் முறையாக அந்தக் காரைப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று வருஷமாக ஓட்டிய வண்டியா இது? மைலேஜ் பார்த்த பாவத்துக்கு ஏதோ சாமி வந்து டேங்க்குக்குள் உட்கார்ந்துகொண்டதா?

"போலாங்க!" என்று கல்பனா உள்ளிருந்து கத்தினாள். "தடா வரைக்கும் போயிட்டு வரலாம்! இன்னும் ஓடும்போல கீது!"

"ஆந்திராவுக்குள்ள போனா கணக்கு செல்லாது" என்று தணிகாசலம் பதறினார். "நம்ம வாக்கு தமிழ்நாட்டுக்குள்ளதான்."

"ஆமாமா. திரும்பிடலாம்" என்றான் வசந்தகுமார்.

திரும்பினார்கள். வருகிற வழியில் வசந்தகுமார் தனக்குத் தெரிந்த அத்தனை பாவங்களையும் செய்தான். தேவையில்லாமல் பிரேக் போட்டான், போட்டபின் சீறிக் கிளம்பினான். இரண்டாவது கியரில் ஒரு பாலம் முழுக்க ஏறினான். தணிகாசலமும் சளைக்கவில்லை. ரிவர்ஸ் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமென்றார். சர்வீஸ் ரோட்டில் அரை கிலோமீட்டர் பின்னாலேயே போனார்கள். ஒரு ஆட்டுக்காரர் ஆடுகளை ஓரம் கட்டிவிட்டு வாய் பிளந்து பார்த்தார். அடுத்து தணிகாசலம், ஏரிக்கரை மண் ரோட்டில் ஒரு குறுக்கு வழி இருப்பதாகச் சொன்னார். அங்கே சக்கரம் புதைந்து, கால் மணி நேரம் நின்ற இடத்திலேயே சுழன்று, புழுதியில் குளித்து வெளியே வந்தது.

வண்டி மட்டும் நிற்கவில்லை.

"நாப்பத்தஞ்சு" என்றாள் கல்பனா. கண்ணில் தண்ணீர். "மாடியே கட்டிடலாங்க. ஒரு ரூம் வாடகைக்கு வுட்டா வாடகையும் வரும். நான் எவ்ளோ திட்டியிருக்கேன் இந்த வண்டிய!" இருக்கையைத் தடவிக்கொடுத்தாள்.

வசந்தகுமாருக்கு அழுகை வந்தது. ஒண்ணரை லட்சம் என்றால்கூட, 'விலை பத்தாது' என்று சண்டை போட்டு மீட்டுக்கொண்டு வந்திருக்கலாம். வாங்கினதே ஒண்ணேமுக்கால் லட்சத்துக்கு. இந்தப் பணத்தை வேண்டாம் என்று சொன்னால் ஊரே அவனைக் கட்டிப்போட்டு ஏர்வாடிக்கு அழைத்துப்போகும். மழையும் பனி தேசமும் கப்பலும் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கரைந்தன. ஏழாவது வரிசையில் பென்னி நகர்ந்து இடம் விட்டான்.

பக்கத்தில் தணிகாசலம் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படித்தான் ஆகும் என்று வசந்தகுமார் நினைத்துக்கொண்டான்.

ஜெபாவின் கொட்டகை முன்னால் வண்டி வந்து நின்றது. அதுவாக நிற்கவில்லை, வசந்தகுமார்தான் சாவியைத் திருகி நிறுத்தினான்.

"அம்பத்திரெண்டு!" கல்பனா நோட்டை ஆட்டிக்கொண்டு இறங்கினாள். "பன்னெண்டு போக நாப்பது. நாப்பது அஞ்சாயிரம் ரெண்டு லட்சம். ஒண்ணரையும் சேத்தா மூணரை லட்சம் மாமா! இன்னும் நிக்கவே இல்ல. ஆனா அம்பத்திரெண்டோட வுட்டுடலாம். சொந்தத்துக்குள்ள பேராசை கூடாது."

தணிகாசலம் மெதுவாக இறங்கினார். காரைப் பார்த்தார். முதல் நாள் மாதிரி தட்டிப் பார்க்கவில்லை.

"கண்ணு... டெஸ்ட்டு சரியில்ல. வேற நாள் இன்னொரு வாட்டி வெச்சிக்கலாம்."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன் மாமா!" என்றான் வசந்தகுமார், மூச்சுவிடாமல். "சுத்தமா தப்பு. இன்னொரு வாட்டி வெச்சிக்கலாம்."

கல்பனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சொல்றீங்க ரெண்டு பேரும்? குடுக்குறவரு வாணாங்கிறது நாயம். வாங்குற உங்களுக்கு இன்னா வந்துது?"

வசந்தகுமார் சக்கரத்தின் ஆணிகளைப் பார்த்தான். தணிகாசலம் ரயில்வே கேட்டைப் பார்த்தார்.

ஜெபா கொட்டகைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கல்பனா நேராக அவனிடம் போனாள்.

"ஜெபாண்ணா, கோயிலுக்குப் போயிட்டு வந்த மனுசன் நீங்க. உண்மையச் சொல்லுங்க. காலையில சரியாத்தானே ஊத்துனீங்க?"

அவள் முதுகுக்குப் பின்னால் வசந்தகுமார் தலையைப் பலமாக ஆட்டிச் சைகை காட்டினான். அவனுக்குப் பக்கத்தில் தணிகாசலமும் உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று வசந்தகுமாருக்கு ஒரு வினாடி புரியவில்லை.

ஜெபா கையைக் கழுவினான். சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நான் யார் காசுக்கும் துரோகம் பண்ணல தங்கச்சி. அரை லிட்டர் கொறைச்சு ஊத்துன்னு உங்க ஊட்டுக்காரரு ஐந்நூறு குடுத்தாரு, அவரு அந்தாண்ட போனதும் மாமா வந்து, பாதி வெலைக்குக் கேக்கணும், நீ அரை லிட்டர் கொறைச்சு ஊத்துன்னு ஆயிரம் குடுத்தாரு. ரெண்டு அரையும் போச்சுன்னா ஒரு லிட்டர்ல இன்னா மிஞ்சும், வண்டி நகரவாச்சும் வேணாமா, அதான் காலி கேனைக் கவுத்துட்டு, டேங்க்ல இருந்ததை வடிக்காமயே வுட்டுட்டேன்."